கூரையின் பாரம் எந்த வழியால் இறங்குகிறது? தச்சரோடு பேச முன் தெரிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுபவர்களில் பெரும்பாலானோருக்குச் சுவரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியும். எத்தனை கல் வேண்டும், கலவை எப்படி, அத்திவாரம் எத்தனை அடி என்று மேசனோடு நின்று பேசுவார்கள். சுவர் எழும்பிக் கூரைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். "ஓடாவியார் பார்த்துச் செய்வார்" என்று தச்சரிடம் விட்டுவிட்டு, அவர் எழுதிக் கொடுத்த துண்டோடு மரம் விற்கும் மரக்காலைக்கு ஓடுவதுதான் மிச்சம். நாலைந்து மாரி போனபின் முகடு நடுவில் இறங்கி, ஓட்டு வரிசை வளைந்து, தண்ணீர் உள்ளே வரத் தொடங்கும். அப்போது கேட்டால் மேசன் தச்சரைக் காட்டுவார், தச்சர் மரத்தைக் காட்டுவார், மரக்காலைக்காரர் காலநிலையைக் காட்டுவார்.

இதற்காக நீங்கள் தச்சுவேலை பழக வேண்டியதில்லை. கூரையில் விழும் பாரம் எந்தெந்த மரத்தின் வழியாக நிலத்துக்குப் போகிறது என்று தொட்டுக் காட்டத் தெரிந்தால் போதும். எந்தத் தச்சரை எடுப்பது, என்ன மரம் வாங்குவது, எங்கே காசை மிச்சம்பிடிக்கலாம், எங்கே கூடவே கூடாது என்ற கேள்விகளில் முக்கால்வாசிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுவிக்கும் அண்ணாவோ மாமாவோ யூடியூப்பில் பார்த்த வீடியோ ஒன்றை அனுப்பி, "இப்படிச் சட்டம் அடித்தால் என்ன?" என்று கேட்பார். ரொறன்ரோப் பக்கத்துத் தனிவீடுகளில் அநேகமானவை முழுக்க மரச்சட்டத்தில் நிற்பவை. சுவருக்குள்ளே 16 அங்குலத்துக்கு ஒன்றாக, சில இடங்களில் 24 அங்குலத்துக்கு ஒன்றாக, மரங்கள் நிமிர்ந்து நிற்கும். மேலும் கீழும் படுக்கை மரம். சட்டம் ஒருபக்கம் சரியாமல் வெளியே பலகை அடித்து இறுக்கியிருப்பார்கள். அங்கே சுவர் என்பதே தச்சு வேலை. எங்கள் ஊரில் சுவர் கல்லில் நிற்கிறது. ஆகவே வீட்டுச் சட்டம் என்று நாங்கள் பேச வேண்டியது சுவரின் தலையிலிருந்து முகடு வரையுள்ள மரங்களைத்தான். கதவு நிலையும் யன்னலும் வேறு கதை. ஆனால் பாரம் இறங்கும் விதி இரண்டு ஊருக்கும் ஒன்றே. அதனால் அந்த வீடியோக்களைப் பார்ப்பதில் பிழையில்லை. அளவுகளை மட்டும் அப்படியே இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள்.

மேலிருந்து கீழே

ஓட்டுக் கூரை ஒன்றைக் கற்பனையில் மேலிருந்து உரித்துப் பாருங்கள். முதலில் ஓடு. ஓட்டுக்குக் கீழே குறுக்காக ஓடும் மெல்லிய மரம் சிலாகை. இப்போது பலர் ரீப்பை என்பார்கள். வழக்கமான கலிக்கட் ஓட்டுக்கு ஒரு சிலாகைக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒரு அடிக்குச் சற்றுக் கூட இருக்கும். ஓட்டுக்கு ஓடு இது மாறும். அதனால் ஓடு வீட்டுக்கு வரமுன் சிலாகை அடிக்க விடாதீர்கள். சிலாகைகளைத் தாங்கி முகட்டிலிருந்து சுவரை நோக்கிச் சரிவாக இறங்குபவை கைமரங்கள், வழக்கமாக இரண்டு அடிக்கு ஒன்று. கைமரத்தின் மேல்நுனி, முகட்டின் நீளத்துக்கு ஓடும் முகட்டு வளையில் சாய்ந்திருக்கும். கீழ்ப்பகுதி சுவரின் தலையில் படுத்திருக்கும் சுவர் வளையில் அமர்ந்திருக்கும். சுவருக்குச் சுவர் குறுக்கே போடும் கனத்த மரம் தீராந்தி. இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். வடமராட்சியில் ஒருவர் வளை என்பதைத் தீவுப் பக்கத்தில் ஒருவர் வேறு பெயரால் சொல்லக்கூடும். விலை பேசும்போது பெயரை மட்டும் நம்பாமல், மரத்தைக் கையால் காட்டிப் பேசுவது நல்லது.

ஓடு சிலாகையில், சிலாகை கைமரத்தில், கைமரம் ஒரு முனையால் முகட்டிலும் மறுமுனையால் சுவரிலும், சுவர் அத்திவாரத்தில். வழி இவ்வளவுதான். இதில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் மற்றவை எவ்வளவு தடிப்பாக இருந்தும் பயனில்லை.

பாரம் எவ்வளவு? கலிக்கட் ஓடு ஒன்று காய்ந்த நிலையில் இரண்டரை கிலோவிலிருந்து மூன்று கிலோ வரும். ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 140 ஓடு போகும். ஆக ஒரு சதுரத்தில் நானூறு கிலோவுக்குக் கிட்ட. 12 சதுரக் கூரை என்றால் ஓடு மட்டுமே நாலரை தொன்னுக்கு மேல். மழையில் ஊறினால் இன்னும் கூடும். மரத்தின் எடையும், மேலே ஏறி ஓடு மாற்றுபவரின் எடையும் இந்தக் கணக்கில் இல்லை. தகரமோ சீற்றோ போட்டால் இந்தப் பாரத்தில் சிறு பங்குதான் வரும். அதனால்தான் சீற்றுக் கூரைக்கு அடித்த மரத்தின்மேல் பிற்காலத்தில் "ஓடு போடுவோம்" என்று முடிவெடுப்பது ஆபத்து.

ஹோலைப் பெரிதாக்கும் ஆசை

கூரைகள் எங்கே பிழையாகிப்போகின்றன என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: பெரிய ஹோலில்.

பழைய நாற்சார் வீட்டைப் பாருங்கள். நடுவில் முற்றம், சுற்றிவரச் சிறிய அறைகளும் விறாந்தையும். எந்த அறையும் அகலமில்லை. குறுக்குச் சுவர்களும் தூண்களும் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட வரும். பனங்கைமரம் ஒன்று தாண்ட வேண்டிய தூரம் குறைவு. அறைகளை அப்படி அமைத்ததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். கூரைக்கு அது கொடுத்த பலன் பெரிது. பின்னாளில் வந்த சின்ன வீடுகளிலும் அறைச் சுவரை முகடு வரை எழுப்பி, முகட்டு வளையை அதில் இருத்தும் வழக்கம் இருந்தது. பத்து அடிக்கு ஒரு சுவர் வந்து முகட்டைத் தாங்கிவிடும்.

இப்போது எல்லோருக்கும் 20 அடி நீள ஹோல் வேண்டும், நடுவில் சுவரும் கூடாது, தூணும் கூடாது. சுவரை எடுத்துவிட்டு அதே முகட்டு வளையை மட்டும் நீட்டிவிடுகிறார்கள். என்ன நடக்கும் என்று கணக்குப் பார்ப்போம். 14 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள ஹோல். இரண்டு பக்கக் கைமரங்களும் தங்கள் பாரத்தில் பாதியை முகட்டில் போடும், பாதியைச் சுவரில் போடும். ஆகவே முகட்டு வளையின் பங்கு தரையளவில் 140 சதுர அடி. சரிவைச் சேர்த்தால் 160 சதுர அடிக்குக் கிட்ட. அறுநூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இரண்டு முனையில் மட்டும் பிடித்த ஒரேயொரு மரத்தின்மேல், பகலும் இரவும், வருடக்கணக்காக.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், நீளம் கூடும்போது வளைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. பத்து அடி தாண்டிய மரத்தை இருபது அடி தாண்ட வைத்து, அடிக்கு அதே பாரத்தை ஏற்றினால், நடுவில் இறங்கும் அளவு 16 மடங்காகும். பத்து அடியில் கண்ணுக்கே தெரியாத கால் அங்குலம் இருபது அடியில் நாலு அங்குலம். "போன வீட்டிலும் இதே மரந்தான் போட்டோம், ஒன்றும் ஆகவில்லை" என்று தச்சர் சொன்னால், போன வீட்டில் சுவருக்குச் சுவர் எத்தனை அடி என்று கேளுங்கள்.

மரத்தை எப்படி நிறுத்துகிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. நாலுக்கு இரண்டு மரத்தைப் படுக்கப் போடுவதைவிட, நாலு அங்குலம் மேல்கீழாக வரும்படி நிறுத்திப் போட்டால் இரண்டு மடங்கு பலம், நாலு மடங்கு விறைப்பு. மரம் அதே மரம், விலையும் அதே விலை. ஆகவே காசு கூடச் செலவழிக்க வேண்டுமானால் மரத்தின் அகலத்தில் செலவழிக்காமல் ஆழத்தில் செலவழியுங்கள். கைமரமும் முகட்டு வளையும் எப்போதும் ஆழம் கூடிய பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

பெரிய ஹோல் வேண்டவே வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. முகட்டுக்குக் கீழே கொங்கிறீற் வளையோ இரும்பு ஐ-பீமோ போடலாம். அல்லது மரத்திலேயே முக்கோணச் சட்டம் கட்டலாம். நாலு குச்சியை நாலு ஆணியால் சதுரமாக அடித்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். மூன்று குச்சியை முக்கோணமாக அடித்தால் அசையாது. அசைய வேண்டுமானால் ஒரு குச்சி உடைய வேண்டும், அல்லது ஆணி கழர வேண்டும். தீராந்தி அடியாக, கைமரங்கள் இரண்டு பக்கமாக, நடுவில் ஒரு கால் நிற்கும் சட்டத்துக்குப் பலம் வருவது இதனால்தான். இதற்கான மரக்கணக்கைத் தச்சரிடம் மட்டும் விடாமல், வீட்டுப் படம் வரைந்த தொழில்நுட்ப அலுவலரிடமோ பொறியியலாளரிடமோ கேட்டு எழுதி வாங்குங்கள். ஹோல் 12 அடிக்கு மேல் போனால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சுவர் ஏன் வெளியே சாய்கிறது

முகட்டு வளையைச் சுவரோ தூணோ உறுதியாகத் தாங்கினால் கைமரம் அதில் அமைதியாகக் கிடக்கும். முகடு நடுவில் இறங்கத் தொடங்கினால் கதை மாறும். எதிரெதிரே சாய்ந்து நிற்கும் இரண்டு கைமரங்களும் அடியில் சுவரை வெளியே தள்ளத் தொடங்கும். வழுக்கும் தரையில் சாத்திய ஏணி கால்பக்கம் நழுவுகிறதே, அதே வேலைதான். யன்னல் மட்டத்துக்கு மேலே படுக்கையாக ஒரு வெடிப்பு, சுவரின் தலை வெளியே கொஞ்சம் சரிவு என்று கண்டால் பலர் அத்திவாரத்தைச் சந்தேகிப்பார்கள். முதலில் கூரையைப் பாருங்கள்.

அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்துவது தீராந்தி. இரண்டு பக்கச் சுவரையும் ஒன்றோடொன்று கட்டிப்போடும் மரம் அது. "சீலிங் உயரமாக வரட்டும், தீராந்தி வேண்டாம்" என்று வீட்டுக்காரர் சொல்லி, தச்சரும் தலையாட்டிவிடுவது உண்டு. தீராந்தியை எடுத்தால் அதன் வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும்: தாங்கப்பட்ட முகட்டு வளை, அல்லது கைமரங்களைப் பாதி உயரத்திற்குக் கீழே இணைக்கும் குறுக்கு மரம், அல்லது சுவரின் தலையைச் சுற்றி ஓடும் கொங்கிறீற் பட்டி. எதுவுமே இல்லாமல் எடுக்கக் கூடாது.

காற்று மேலே இழுக்கும்

பாரம் கீழே இறங்குவது ஒரு பக்கம். புயலில் காற்று கூரையை மேலே இழுக்கும். கூரையின் மேலால் வேகமாகப் போகும் காற்று உறிஞ்ச, திறந்த கதவு வழியாகப் புகுந்த காற்று கீழிருந்து தள்ள, இரண்டும் சேர்ந்து தூக்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் கரையோர வீடுகளில் தகரம் படபடப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் எங்கள் வடக்கையும் அடித்துத்தான் போனது. 2020 டிசம்பரில் புரேவி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறி வடக்கைக் கடந்தது.

ஆகவே கைமரத்தைச் சுவர் வளையோடும், சுவர் வளையைச் சுவரோடும் கட்ட வேண்டும். சுவரின் தலையில் கொங்கிறீற் பட்டி போடும்போதே ஆறு அடிக்கு ஒன்றாகவோ அதைவிடக் கிட்டவோ போல்ற்றோ கம்பியோ நிமிர்த்தி விட்டுவிட்டால், பிறகு சுவர் வளையைத் துளைத்து நட்டு இறுக்கலாம். இது மேசனின் வேலை. ஆனால் எங்கே வேண்டும் என்று தெரிந்தவர் தச்சர். பட்டி போடும் நாளில் தச்சரும் வளவில் நிற்க வேண்டும். வீடு கட்டும் முழுக் காலத்திலும் அந்த ஒரு நாளில் அவருக்கு அரைநாள் கூலி கொடுத்து அழைப்பதைப்போல லாபமான செலவு வேறில்லை. மேசனும் தச்சரும் ஒருவரையொருவர் சந்திக்காமலே வேலையை முடிக்கும் வீடுகள்தான் அதிகம்.

தாழ்வாரத்தை ரொம்ப நீட்டினால் காற்றுக்குப் பிடி கிடைக்கும். ஆனால் வெயிலுக்கும் மாரிச் சாரலுக்கும் நீட்டு வேண்டும். இரண்டு, இரண்டரை அடியோடு நிறுத்திக்கொள்ளலாம். கடல் கிட்ட இருந்தால் நாகம் பூசிய ஆணியும் போல்ற்றுமே வாங்குங்கள். சாதாரண ஆணியை உப்புக் காற்று தின்றுவிடும்.

என்ன மரம்

பனை எங்களுக்கு வாய்த்த கொடை. ஆனால் அதை வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். தேக்கு, வேம்பு போன்றவற்றில் வைரம், அதாவது மரத்தின் கடினமான பகுதி, நடுவில் இருக்கும். பனையில் வைரம் வெளிப்புறத்தில், அதுவும் அடிமரத்தில். நடு வெறும் சோறு. முற்றிய மரத்தின் அடிப்பக்கத்தில் பிளந்த துண்டில் கறுப்பு நார் நெருக்கமாகத் தெரியும், கையில் தூக்கினால் பாரமாக இருக்கும். நார் ஐதாக, இடையில் வெளிறிய சோறு தெரிந்தால் அது மேல்மரம், அல்லது முற்றாத மரம். விலை குறைவென்று அதைக் கைமரத்துக்கு எடுக்காதீர்கள். அரிந்தெடுத்த பனங்கைமரத்தில் வைரப் பக்கம் எது என்று பார்த்து, அது கீழே வரும்படி போடுவார்கள் அனுபவமுள்ள தச்சர்கள். வளையும் மரத்தின் அடிப்பக்கம்தான் இழுபடும், அங்கேதான் நாரின் பலம் வேண்டும்.

சொந்த வளவில் நிற்கிறதே என்று பனையைத் தறித்துவிடவும் முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலாவோடு பெண்பனையும் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் கேட்டு அனுமதி எடுத்தபின் வாளை எடுங்கள். வன்னியிலிருந்து மரம் கொண்டுவருவதென்றால் கொண்டுசெல்லும் அனுமதியும் வேண்டும். அனுமதித் துண்டில்லாத மரம் மலிவாகக் கிடைக்கும், வழியில் மறித்தால் மரமும் போகும், வாகனமும் மாட்டும்.

முதிரையும் பாலையும் கறையானுக்கும் மழைக்கும் அசையாதவை. விலையும் அப்படியே. கதவு நிலைக்கு அவற்றை வைத்துக்கொண்டு கூரைக்குப் பனையோ வேம்போ போடுவது நியாயமான சமரசம். பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் விடாதீர்கள். நாற்பது வருடம் காய்ந்த பனை இனி முறுக்காது. சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை மட்டும் உளியால் குத்திப் பார்க்க வேண்டும். உக்கல் அங்கேதான் தொடங்கும். அதே காரணத்துக்காகப் புது வீட்டிலும் மரத்தின் முனையைச் சாந்தால் இறுக்கி மூடாமல், சுற்றிக் காற்றுப் போக இடம் விடச் சொல்லுங்கள்.

பச்சை மரம் வாங்குவதுதான் மற்றப் பெரிய பிழை. காயாத மரம் கூரையில் ஏறியபின் காயும். காயும்போது சுருங்கும், முறுக்கும், ஆணி இளகும். கூரைக்கு ஆறு மாதம் முன்பே வாங்கி, நிலத்தில் படாமல் கட்டை வைத்து, இடையிடையே சிலாகைத் துண்டு செருகி, நிழலில் அடுக்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். மேசன் சுவர் கட்டும் காலமே மரம் காயும் காலமாகிவிடும்.

வாங்கும்போது அளவுநாடாவைக் கொண்டுபோங்கள். நாலுக்கு இரண்டு என்று சொல்லும் மரம் அரிந்து சீவியபின் நாலுக்கு இரண்டாக இருப்பதில்லை. கனடாவில்கூட இரண்டுக்கு நாலு என்று விற்கும் மரம் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலந்தான். அங்கே அது எழுதி வைத்த அளவு, எல்லோருக்கும் தெரியும். இங்கே மரக்காலைக்கு மரக்காலை வேறு.

ஆளைப் பிடிப்பது

நல்ல தச்சருக்கு விளம்பரம் கிடையாது. உங்கள் ஊரில் இரண்டு மாரியாவது கண்ட கூரைகளில் எது நேராக இருக்கிறது என்று தெருவிலிருந்தே பார்க்கலாம். முகட்டுக் கோடு நூல் பிடித்ததுபோல் இருக்கிறதா, தாழ்வார ஓட்டு வரிசை நேரா என்று பாருங்கள். பிறகு அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஏதாவது ஒழுகும். ஆகவே ஒழுகியதா என்று கேட்பதைவிட, ஒழுகியபோது ஓடாவியார் வந்தாரா என்று கேட்பது பயன் தரும்.

இன்னொன்று, தளபாடத் தச்சரும் கூரைத் தச்சரும் ஒன்றல்ல. அலுமாரிக் கதவில் பூ வெட்டும் கை, ஏணியில் நின்று கைமரத்தின் வாயைச் சுவர் வளையில் பொருந்த வெட்டும் கையாக இருக்க வேண்டும் என்றில்லை. இந்தக் குடாநாட்டில் இரண்டிலும் மட்டுமல்ல, கப்பல் கட்டுவதிலும் தேர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதன் சட்டத்தைக் கட்டியவர்களும் இந்த ஊர்த் தச்சர்கள்தான். இளம் தச்சர் ஒருவர் என்.வி.கியூ என்ற தொழிற்றகைமைச் சான்றிதழ் வைத்திருந்தால் நல்லது. பயிற்சி எடுத்திருக்கிறார், அளவு வாசிக்கத் தெரியும் என்பதற்கு அது அடையாளம். ஆனால் சான்றிதழைப் பார்த்தபின்னும் அவர் போட்ட கூரையைப் பாருங்கள்.

பேசும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. வீட்டுப் படத்தைக் கையில் கொடுத்து, "அண்ணை, இந்த ஹோலுக்கு மேலே முகட்டை எது தாங்கும்?" என்று கேளுங்கள். படத்தில் விரல் வைத்துச் சொல்பவர் ஒருவகை. "அதெல்லாம் பார்த்துச் செய்யலாம் தம்பி" என்பவர் இன்னொருவகை.

நாட்கூலியா கொன்றாக்டா என்பது அடுத்தது. பழைய கூரையைத் திருத்துவதற்கு நாட்கூலிதான் சரி, உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. புதுக் கூரைக்குச் சதுரக் கணக்கில் கொன்றாக்ட் பேசலாம். இங்கே ஒரு பொறி உண்டு. சதுரம் எதில் அளப்பது? தாழ்வாரத்தோடு 40 அடிக்கு 30 அடி வீடு நிலத்தில் அளந்தால் 12 சதுரம். 30 பாகைச் சரிவில் ஓட்டுமேல் அளந்தால் கிட்டத்தட்ட 14 சதுரம். இரண்டு சதுரக் கூலி வித்தியாசம். எந்த அளவும் பிழையில்லை, ஆனால் எது என்று முதல் நாளே பேசி எழுத வேண்டும். கையாளின் கூலி யாருடையது, ஆணி யார் வாங்குவது, சாரம் யார் கட்டுவது, மதியச் சாப்பாடு உண்டா, வெட்டுத் துண்டு யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். வெட்டுத் துண்டுக்குச் சண்டை பிடித்த வீடுகள் உண்டு. அடுப்புக்குக்கூட உதவாத துண்டுகளுக்காக!

மாதத்தையும் பாருங்கள். எங்களுக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். ஆடியில் புது வேலை தொடங்கப் பலர் விரும்புவதில்லை. ஆகவே எல்லோரும் ஆவணியில் தச்சரைத் தேடுவார்கள், புரட்டாதியில் ஆள் கிடைக்காது. வைகாசி, ஆனியிலேயே பேசி அச்சவாரம் கொடுத்து வைப்பது புத்தி.

காசைப் படிப்படியாகக் கொடுங்கள். போருக்குப் பின் வடக்கில் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தை நினைவிருக்கும். நாட்டில் மொத்தம் 50,000 வீடுகள், பெரும்பாலானவை வடக்கு கிழக்கில். வீட்டுக்காரரே மேசனையும் தச்சரையும் பிடித்துக் கட்ட, அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியப் பணம் வந்தது. அந்த ஒழுங்கு சின்ன வேலைக்கும் பொருந்தும். அச்சவாரம் கொஞ்சம், வளைகளும் கைமரமும் ஏறியபின் ஒரு பங்கு, சிலாகையும் ஓடும் முடிந்தபின் ஒரு பங்கு. மிச்சமாகப் பத்தில் ஒரு பகுதியை முதல் மழை வரும்வரை வைத்துக்கொள்வதாக முதலே சொல்லிவிடுங்கள். முதலே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை, முடிவில் சொன்னால்தான் சண்டை. மற்றப்படி நிலை வைக்கும் நாளில் வெற்றிலை பாக்கோடு கொடுப்பது இந்தக் கணக்கில் சேராது, அது மரியாதை.

வேலை நடக்கும்போது

தினமும் போய் நின்று கண்காணிக்க வேண்டாம், தச்சருக்கும் எரிச்சல் வரும். இரண்டு நேரம் மட்டும் போனால் போதும்.

ஒன்று, சுவர் வளை வைத்து முதல் சோடிக் கைமரம் ஏறும்போது. சுவர்களின் மூலை சதுரமா என்று அப்போது பார்க்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 6 அடியில் ஒரு கோடு, மற்றதில் 8 அடியில் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே சரியாக 10 அடி வந்தால் மூலை சரி. வராவிட்டால் முகடு ஒரு பக்கம் ஓடும், ஓட்டு வரிசை கோணும். இதைச் சுவர் எழும்பமுன் மேசனிடம் பார்த்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். கைமரத்தின் வாய் சுவர் வளையில் முழுக்க அமர்கிறதா, அல்லது நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு இடையில் மரச்சீவல் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வாயை மரத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் கைமரம் அந்த இடத்தில் மெலிந்துவிடும்.

மற்றது, ஓடு ஏறுவதற்கு முதல் நாள். எல்லா மரமும் கண்ணுக்குத் தெரியும் கடைசி நாள் அது. முகட்டு வளை நீளம் போதாமல் ஒட்டியிருந்தால், ஒட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒட்டு சுவருக்கோ தூணுக்கோ நேர் மேலே இருக்க வேண்டும். அந்தரத்தில் இருந்தால் அங்கேதான் முதலில் இறங்கும். இரண்டு கூரை சந்திக்கும் பள்ளத்தில் பீலித் தகரம் போதிய அகலமா, கீழே மரம் வைத்திருக்கிறார்களா என்பதும் பார்க்க வேண்டிய இடம். ஒழுகும் கூரைகளில் பல அந்தப் பள்ளத்தில்தான் ஒழுகுகின்றன. அப்புறம் கைபேசியில் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

ஏனென்றால் அடுத்து சீலிங் வந்து மூடிவிடும். சீலிங் அடிப்பவரிடம் ஒரு ஆள் நுழையக்கூடிய அளவில், இரண்டு அடிக்கு இரண்டு அடியாவது, கழற்றக்கூடிய மூடி ஒன்று விடச் சொல்லுங்கள். குளியலறைக்கு வெளியே ஒரு மூலையில் இருந்தால் கண்ணை உறுத்தாது. முதல் மாரி தொடங்கி இரண்டு வாரத்தில் டோர்ச் ஒன்றோடு ஏறிப் பாருங்கள். மரத்தில் ஈரக்கறை இருந்தால் அதற்கு நேர் மேலுள்ள ஓட்டைத் தேடாமல், சரிவில் மேலே போய்த் தேடுங்கள். தண்ணீர் கைமரத்தில் வழிந்து கீழே வந்துதான் சொட்டும். சுவர் வளையில் மண்கோடு தெரிந்தால் கறையான் ஏறியிருக்கிறது என்று பொருள், அதை உடனே கவனிக்க வேண்டும். மீதிக் காசு இன்னும் உங்களிடம் இருக்கும்போதே ஓடாவியாரை அழைத்துக் காட்டிவிடலாம்.